வகுப்பறையில் டேப்லெட்: காட்டும் கருவியா, அளக்கும் கருவியா?

ஒரு ரப்பர் பந்தை மேலிருந்து தரையில் விட்டால் அது துள்ளி எழுகிறது. ஆனால் விட்ட உயரத்துக்குத் திரும்பி வருவதில்லை. ஒவ்வொரு துள்ளலிலும் உயரம் குறைந்துகொண்டே போய், முடிவில் பந்து தரையில் அடங்கிவிடுகிறது. இதைக் காணாத குழந்தை இல்லை. ஆற்றல் அழிவதில்லை, ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு மாறுகிறது என்ற விதியைப் பாடப் புத்தகத்தில் படிக்காத மாணவரும் உயர்நிலைப் பள்ளிகளில் இல்லை. எனினும், ஒரு துள்ளலில் அந்தப் பந்து தன் ஆற்றலில் எத்தனை பங்கை இழக்கிறது என்று கேட்டால், விடை கூறக்கூடியவர் மிகச் சிலரே. விதியைப் படித்த மாணவருக்கு அதை அளந்து பார்க்கும் வாய்ப்புக் கிட்டுவதில்லை.

இவ்விஷயத்தில் டேப்லெட் என்று வழங்கும் பலகைக் கணினி என்ன உதவி செய்யக்கூடும்? இரண்டு வகுப்பறைகளை மனத்தில் கொள்வோம். முதல் வகுப்பறையில், துள்ளும் பந்தின் அழகிய வண்ணப் படம் ஒன்று டேப்லெட்டின் திரையில் ஓடுகிறது. மாணவர்கள் அதைக் கண்டு மகிழ்கின்றனர். இரண்டாவது வகுப்பறையில், அதே டேப்லெட் மேஜை மீது சும்மா வைக்கப்பட்டிருக்கிறது. அதன் அருகில் மாணவர்கள் உண்மையான பந்து ஒன்றைத் தரையில் விடுகின்றனர். கருவி அதன் ஓசையைக் கேட்டு, துள்ளல்களுக்கு இடையேயுள்ள காலத்தைக் கணிக்கிறது. இரண்டு இடங்களிலும் கருவி ஒன்றே. அதற்கான செலவும் ஒன்றே. ஆனால் மாணவர்கள் செய்யும் வேலை வேறு. இந்த வேறுபாட்டை உணராமல், கருவியை வாங்குவதையே கல்வி அபிவிருத்தியாகக் கருதிவிடும் அபாயம் எப்போதும் இருந்து வருகிறது.

முன்னர் வந்த சாதனங்கள்

புதிய சாதனங்களைக் கொண்டு தொலைவிலுள்ள பள்ளிகளுக்குக் கல்வியை எட்டச் செய்யும் முயற்சி நமது நாட்டுக்குப் புதியதன்று. 1975-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் 1976-ம் ஆண்டு ஜூலை முடிய, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்ற செயற்கைக் கோளின் துணையுடன், ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி மூலம் பாடங்களும் பொது அறிவு நிகழ்ச்சிகளும் ஒளிபரப்பப்பட்டன. சைட் என்று பெயர் பெற்ற இந்தப் பரிசோதனை, உலகின் கவனத்தைக் கவர்ந்தது. பின்னர், கல்விப் பணிக்கென்றே அமைக்கப்பட்ட எஜுசாட் என்னும் நமது சொந்தச் செயற்கைக் கோள், 2004-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

2011-ம் ஆண்டு அக்டோபரில், குறைந்த விலையுள்ள ஆகாஷ் என்னும் டேப்லெட் புது டில்லியில் வெளியிடப்பட்டது. 7 அங்குலத் திரை கொண்ட இக்கருவி, மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கணினி என்ற எண்ணத்தை நாடெங்கும் பரப்பியது. 2017-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி, ஆசிரியர் தினத்தன்று, தீக்ஷா என்னும் இணையத் தளம் தொடங்கப்பட்டது. பாடப் புத்தகங்களில் அச்சிடப்பட்ட க்யூ.ஆர். கோடு என்னும் சதுரக் குறியைக் கருவியின் காமிராவுக்குக் காட்டினால், அப்பாடத்துக்குரிய ஒளிப்படமோ பயிற்சியோ திரையில் தோன்றும் வசதி இதனால் ஏற்பட்டது. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்ட பாடங்களை இணையத் தொடர்பு இல்லாத போதும் பயன்படுத்த இயலும் என்பது இதன் சிறப்பு.

இம்முயற்சிகள் யாவும் பெரிதும் ஒரே திசையில் செல்பவை. எங்கோ தயாரான பாடம் மாணவரை நோக்கி வருகிறது. மாணவர் அதைப் பெற்றுக்கொள்கிறார். நல்லாசிரியர் ஒருவரின் விளக்கம் பல்லாயிரம் கிராமங்களுக்கு எட்டுவது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், பெற்றுக்கொள்வது மட்டுமே கற்றலாகிவிடுமா என்பதை ஆராய்ச்சிகள் மூலம் காண வேண்டியதாயிற்று.

ஆராய்ச்சிகள் கூறுவது என்ன?

தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் அரசாங்கம், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் குழந்தைகளுக்கு மடிக்கணினிகளைப் பெருமளவில் வழங்கியது. அதன் பயனை அறிய 319 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவுகள் 2012-ம் ஆண்டில் வெளியாயின. கணினி பெற்ற பள்ளிகளுக்கும் பெறாத பள்ளிகளுக்கும் இடையே, கணிதத்திலோ மொழிப் பாடத்திலோ தேர்ச்சியில் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. கருவி குழந்தைகளின் கைக்கு வந்து சேர்ந்தது; ஆனால் வகுப்பில் பாடம் நடக்கும் முறை மாறவில்லை.

நமது நாட்டில் குஜராத்தில் நடைபெற்ற மற்றோர் ஆய்வு இதனினும் தெளிவானது. ஞானசாலா என்னும் தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில், லீ லிண்டன் என்ற பொருளாதார அறிஞர் கணினிப் பயிற்சியை இரண்டு வகையாகச் சோதித்தார். ஒரு வகையில், ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தில் ஒரு பகுதியை எடுத்துக் கணினிக்குக் கொடுத்தனர். மற்றொரு வகையில், பள்ளி நேரத்துக்கு அப்பால் கணினிப் பயிற்சி அளித்தனர். 2008-ம் ஆண்டில் வெளியான முடிவின்படி, ஆசிரியரின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்ட வகுப்புக்களில் மாணவர்கள் முன்னைவிடக் குறைவாகவே கற்றனர். ஆசிரியரின் பாடத்துக்கு மேற்கொண்டு கணினி அமைந்த இடங்களில் கூடுதலாகக் கற்றனர். ஆசிரியரை விலக்கிவிட்டு வைத்தால் நஷ்டம் தருகிற அதே கருவி, ஆசிரியருக்குத் துணையாக வைத்தால் லாபம் தருகிறது என்பது இதனால் புலனாயிற்று.

மூன்றாவது ஆய்வு டில்லியில் 2015-16-ம் ஆண்டில் நடந்தது. கார்த்திக் முரளீதரன், அபிஜீத் சிங், அலெஹாந்திரோ கனிமியான் ஆகிய மூவர் இதை நடத்தினர். அரசாங்க நடுநிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 619 மாணவர்கள் இதில் பங்கு கொண்டனர். யாருக்குப் பயிற்சி என்பது சீட்டுக் குலுக்கல் மூலம் தீர்மானிக்கப்பட்டது. முதற் சோதனையிலேயே ஓர் உண்மை வெளிப்பட்டது. 6-ம் வகுப்பில் பயிலும் சராசரி மாணவர் கணிதத்தில் சுமார் இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருந்தார். அதாவது, வகுப்பில் நடக்கும் பாடம் அவருக்கு எட்டாத உயரத்தில் நடந்துகொண்டிருந்தது. மைண்ட்ஸ்பார்க் என்னும் கணினி நிரல், ஒவ்வொரு மாணவரும் எந்த நிலையில் நிற்கிறார் என்பதை முதலில் கண்டறிந்து, அந்த நிலையிலிருந்தே கணக்குகளைக் கொடுத்தது. அவர் செய்யும் பிழையின் தன்மைக்கேற்ப அடுத்த கணக்கை மாற்றியது. பள்ளி நேரத்துக்குப் புறம்பாக, நாள்தோறும் 45 நிமிஷம் கணினிப் பயிற்சியும், 45 நிமிஷம் சிறு குழுக்களில் பயிற்சியாளரின் துணையும் கிடைத்தன. நாலரை மாதங்களில், பயிற்சி பெற வாய்ப்புப் பெற்றவர்களின் முன்னேற்றம், பெறாதவர்களின் முன்னேற்றத்தைப் போல் கணிதத்தில் இரண்டு மடங்காகவும் இந்தியில் இரண்டரை மடங்காகவும் இருந்தது.

இம்மூன்று ஆய்வுகளையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை விளங்குகிறது. கருவி குழந்தையிடம் ஏதேனும் ஒரு செயலை எதிர்பார்த்து, அச்செயலுக்கேற்ற மறுமொழியை உடனே தரும் போது, கற்றல் நிகழ்கிறது. வெறுமனே கையில் இருக்கும் போதும், ஆசிரியரின் இடத்தைப் பறித்துக்கொள்ளும் போதும் நிகழ்வதில்லை.

டேப்லெட்டினுள் ஓர் ஆய்வுக்கூடம்

விஞ்ஞான பாடத்தில் குழந்தை செய்ய வேண்டிய முதற் செயல் அளப்பதே. இங்கேதான் டேப்லெட்டின் அதிகம் அறியப்படாத பயன் ஒன்று இருக்கிறது. டேப்லெட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் திரையிலுள்ள படமும் தானே திரும்பிக்கொள்கிறது. கருவிக்கு மேல் எது, கீழ் எது என்று எவ்வாறு தெரிகிறது? அதனுள் முடுக்கமானி என்னும் நுண்ணிய உணர்வுக் கருவி அமைந்திருக்கிறது. மிகச் சிறிய ஒரு சிலிகன் துண்டு, மெல்லிய சிலிகன் தாங்கிகளால் தொங்கவிடப்பட்டிருக்கிறது. கருவி அசையும் போது இத்துண்டு சற்றே விலகுகிறது. அருகிலுள்ள தகடுகளுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி மாறுவதால் மின்தேக்கு திறன் மாறுகிறது. அந்த மாற்றமே முடுக்கத்தின் அளவாகப் பதிவாகிறது. இதனுடன் ஒலிவாங்கியும் எல்லா டேப்லெட்டுகளிலும் உண்டு. காந்தமானி, ஒளி உணர்வி முதலியவை சிலவற்றில் உண்டு.

இந்த உணர்வுக் கருவிகளின் அளவுகளை மாணவர் கண்ணுக்கு முன் எண்களாகவும் வரைபடங்களாகவும் காட்டும் செயலிகள் பல உள்ளன. ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தில் உருவாகி, 2016-ம் ஆண்டில் வெளியான ஃபைஃபாக்ஸ் அவற்றுள் ஒன்று. இதற்குக் கட்டணம் இல்லை. கருவியில் ஒருமுறை பதிந்துவிட்டால் அளவைகளுக்கு இணையம் தேவையில்லை.

முதற் பாடமாக, டேப்லெட்டை மேஜை மீது அசையாமல் வைத்து முடுக்கமானியைப் பார்க்கச் சொல்லலாம். சும்மா இருக்கும் கருவி பூஜ்யத்தைக் காட்டும் என்றே மாணவர்கள் எதிர்பார்ப்பர். அதுவோ விநாடிக்கு விநாடி சுமார் 9.8 மீட்டர் என்று காட்டும். பிறகு, 45 செண்டிமீட்டர் உயரத்திலிருந்து மெத்தென்ற தலையணை மீது அதை விழச் செய்தால், விழுந்துகொண்டிருக்கும் சுமார் 0.3 விநாடி நேரமும் வரைபடம் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். இருந்த இடத்தில் 9.8, விழும் போது பூஜ்யம்! மேஜை தன்னைத் தாங்கி மேலே தள்ளுவதையே கருவி உணர்கிறது, விழும் போது தாங்குவார் இல்லாததால் அவ்வுணர்வு மறைகிறது என்ற விளக்கத்துக்கு மாணவர்கள் தாங்களே விவாதித்து வந்து சேரக்கூடும். விண்வெளிக் கலத்தில் எடையின்மை ஏற்படும் காரணமும் இதுவே என்பதை ஆசிரியர் அப்போது எடுத்துரைக்கலாம்.

பந்தின் கணக்கு

இனி, தொடக்கத்தில் கூறிய ரப்பர் பந்துக்கு வருவோம். பந்து தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஓசை எழுகிறது. இரண்டு ஓசைகளுக்கு இடைப்பட்ட காலத்தில், பந்து பாதி நேரம் மேலே சென்று பாதி நேரம் கீழே வருகிறது. ஆகவே, அந்தக் காலத்தை அதனாலேயே பெருக்கி, 9.8 ஆல் பெருக்கி, 8 ஆல் வகுத்தால், பந்து எழும்பிய உயரம் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

முதல் இரண்டு ஓசைகளுக்கு இடையே 0.80 விநாடியும், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே 0.70 விநாடியும் சென்றதாகக் கொள்வோம். முதல் துள்ளலின் உயரம் 78 செண்டிமீட்டர். இரண்டாவதன் உயரம் 60 செண்டிமீட்டர். 78-ல் 60 என்பது சுமார் 77 சதவீதம். எனவே ஒவ்வொரு மோதலிலும் பந்து தன் ஆற்றலில் 23 சதவீதத்தை இழக்கிறது. அது வெப்பமாகவும் ஓசையாகவும் மாறிவிடுகிறது. இதே விகிதத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், பந்து முதலில் விடப்பட்ட உயரம் சுமார் 1 மீட்டர் என்று வரும். மாணவர் அதை மீட்டர் அளவுகோல் கொண்டு சரிபார்க்கலாம். கண்ணால் அளக்க இயலாத வேகத்தில் நடந்த ஒன்றைக் காதால் கேட்டுக் கணக்கிட்டோம், அது அளவுகோலுடன் ஒத்து வந்தது என்ற அனுபவத்தை எந்தத் திரைப்படமும் தர இயலாது. பந்தை மண் தரையிலும் சிமெண்டுத் தரையிலும் விட்டால் வேறுபாடு என்ன, பழைய பந்துக்கும் புதிய பந்துக்கும் வேறுபாடு உண்டா என்ற கேள்விகள் அடுத்து மாணவர்களிடமிருந்தே எழும்.

ஒலியின் வேகம்

இரண்டு டேப்லெட்டுகள் இருந்தால் ஒலியின் வேகத்தையே வகுப்பறையில் அளந்துவிடலாம். அவற்றை 5 மீட்டர் இடைவெளியில் வைத்து, ஓசை கேட்டதும் தொடங்கி அடுத்த ஓசையில் நிற்கும் கடிகாரமாக அமைக்க வேண்டும். முதல் கருவியின் அருகில் ஒரு மாணவர் கை தட்டுகிறார். இரண்டு கடிகாரங்களும் தொடங்குகின்றன. ஆனால் தொலைவிலுள்ளது சற்றுத் தாமதித்தே தொடங்கும். பிறகு இரண்டாவது கருவியின் அருகில் மற்றொரு மாணவர் கை தட்டுகிறார். இப்போது முதல் கருவி சற்றுத் தாமதித்தே நிற்கும். எனவே இரண்டு கடிகாரங்களும் காட்டும் காலங்களின் வித்தியாசம், ஒலி 10 மீட்டர் செல்ல எடுத்துக்கொண்ட காலமாகும். இரண்டு கடிகாரங்களையும் ஒன்றோடொன்று பொருத்தி வைக்க வேண்டிய தேவையே இல்லாதது இம்முறையின் நயம்.

ஒரு கருவி 2.315 விநாடியும் மற்றது 2.286 விநாடியும் காட்டினால், வித்தியாசம் 0.029 விநாடி, 10 மீட்டரை இதனால் வகுக்க, விநாடிக்கு 345 மீட்டர் என்று கிடைக்கும். 25 டிகிரி வெப்பமுள்ள காற்றில் ஒலியின் வேகம் சுமார் 346 மீட்டர். ஆனால், காலத்தில் ஆயிரத்தில் ஒரு விநாடி பிழை நேர்ந்தாலும் விடை 333 முதல் 357 வரை மாறும் என்பதை ஆசிரியர் இங்கே கட்டாயம் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். ஓர் அளவையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்கப் பழகுவதே விஞ்ஞானப் பயிற்சியின் முக்கிய அம்சமாகும். இடைவெளியை அதிகமாக்கினால் பிழை ஏன் குறைகிறது என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கும்படி விடலாம்.

திரைக்குரிய இடம்

இவ்வாறு கூறுவதால், திரையில் காணும் பாடங்களால் பயனில்லை என்று கொள்ளலாகாது. அணுவின் உட்புறத்தையோ, கோள்களின் சுற்றையோ மேஜை மீது வைத்துக் காட்ட இயலாது. நோபல் பரிசு பெற்ற பௌதிக அறிஞர் கார்ல் வீமன், 2002-ம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக் கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்னும் இணையத் தொகுதி, மாணவர் தாமே மாற்றி மாற்றிப் பார்க்கக்கூடிய மாதிரிச் சோதனைகளை இலவசமாக அளிக்கிறது. நமது நாட்டில் அமிர்தா பல்கலைக் கழகமும் மும்பை சி-டாக் நிலையமும் சேர்ந்து உருவாக்கிய ஓ-லேப்ஸ், உயர்நிலை வகுப்புக்களுக்குரிய ஆய்வுக்கூடச் சோதனைகளைத் திரையில் செய்து பழக உதவுகிறது. ஆஸ்திரியாவில் 2001-ம் ஆண்டில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும் செயலியில், முக்கோணம் ஒன்றின் முனையை விரலால் இழுக்க, கோணங்கள் மாறினும் அவற்றின் கூட்டுத் தொகை 180 டிகிரியாகவே நிற்பதை மாணவர் காணலாம்.

இவையும் மாணவரின் செயலை வேண்டுபவையே. எனினும், மாதிரிச் சோதனையில் விடை முன்னதாகவே நிரலில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மறக்கலாகாது. உண்மைப் பந்துதான் எதிர்பாராத விடையைத் தரவல்லது. ஆதலின், செய்யக்கூடிய சோதனையை நேரிலும், செய்ய இயலாததையும் ஆபத்தானதையும் திரையிலும் நடத்துவதே முறையாகும்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை

மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கருவி இருந்தாலன்றி இவற்றைச் செய்ய இயலாது என்பதில்லை. ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஒன்று போதும். ஒருவர் பந்தை விட, ஒருவர் கருவியைக் கவனிக்க, ஒருவர் அளவுகளைக் குறிக்க, மற்றவர் கணக்கிட என்று வேலையைப் பங்கிட்டுக்கொள்ளலாம்; வேலைகள் முறை மாறி வர வேண்டும். இல்லையேல் ஒரே மாணவர் கருவியை விடாமல் பிடித்துக்கொள்வார்.

எத்தனை வரும் என்ற தங்கள் ஊகத்தை, கருவியைத் தொடுவதற்கு முன்பே மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். ஊகமும் அளவும் வேறுபடும் இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது. அளவுகளைக் கருவி தானாகக் குறித்து வைத்துக்கொண்டாலும், கையால் எழுதிக் கணக்கிடும் பழக்கத்தைக் கைவிடக் கூடாது. செயலியிலுள்ள சொற்கள் மாணவர்களின் தாய்மொழியில் இல்லாவிட்டால், அவற்றுக்குரிய சொற்களை ஆசிரியர் கரும்பலகையில் முன்னதாக எழுதி வைப்பது நலம்.

மின்சாரம் நிலையாக இல்லாத ஊர்களில், கருவிகளுக்கு முதல் நாளே மின்னேற்றம் செய்து வைக்க வேண்டும். தேவையான செயலிகளையும் பாடங்களையும் தொடர்பு கிடைக்கும் இடத்தில் முன்கூட்டியே இறக்கிக்கொள்ள வேண்டும். குறைந்த விலைக் கருவிகளில் எல்லா உணர்வுக் கருவிகளும் இரா. ஆகவே, எந்தச் சோதனையானாலும் ஆசிரியர் ஒருமுறை தாமே செய்து பார்த்த பின்னரே வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். மின்விசிறியின் இரைச்சல் ஒன்றே ஒலிச் சோதனையைக் கெடுத்துவிடப் போதும்.

இவை யாவும் ஆசிரியரின் நேரத்தையும் பயிற்சியையும் வேண்டுபவை. கருவிகளுக்கென ஒதுக்கப்படும் தொகையில் ஒரு பகுதியேனும், அவற்றைக் கொண்டு பாடம் நடத்தும் பயிற்சிக்குச் செலவாக வேண்டும் என்பதையே மேலே கண்ட ஆய்வுகள் அறிவுறுத்துகின்றன. நமது பள்ளிகள் பலவற்றில் ஆய்வுக்கூடம் என்பது பூட்டிய அலமாரியாக இருந்து வருகிறது. உடைந்துவிடும் என்ற அச்சத்தால் கருவிகள் வெளியே வருவதில்லை. மாணவர்கள் விதிகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகின்றனர். அளக்கும் கருவி பல ஒன்றாய் அடங்கிய டேப்லெட் இப்போது அவர்களுடைய மேஜைக்கே வரத் தொடங்கியிருக்கிறது. அதுவும் மற்றோர் அலமாரிக்குள் சென்று அடங்காமலும், வெறும் படம் காட்டும் பெட்டியாகிவிடாமலும் பார்த்துக்கொள்வது கல்வி அதிகாரிகள், பள்ளி நிர்வாகிகள், ஆசிரியர்கள் ஆகிய அனைவரின் கடமையாகும். தொடங்குவதற்கு ஒரு டேப்லெட்டும் ஒரு ரப்பர் பந்தும் போதும்.